வார்த்தை மட்டும்

மார்ச் 4
விசாரணைப் பிரிவுக்கு மாற்றல். ஒலிப்பதிவைக் கேட்டு டைப் அடிக்கும் வேலை. நாற்காலி நன்றாக இருக்கிறது. அதிகாரி ஒரே ஒரு விதி சொன்னார்: "வார்த்தை மட்டும் அடிங்கம்மா. இருமல், மூச்சு, சத்தம் எதுவும் வேணாம்." தாளின் அடியில் 'கேட்டது கேட்டபடி' என்று அச்சடித்திருக்கிறது. அதற்குக் கீழே என் கையெழுத்து.

மார்ச் 7
ரயிலில் வைக்கக் குண்டு பதுக்கியதாக ஒரு பூட்டு ரிப்பேர்காரனைப் பிடித்திருக்கிறார்கள். ஐம்பது நிமிடப் பதிவு ஒரே பக்கத்தில் முடிந்துவிட்டது. "தெரியாது சார்" என்கிறான். தாளில் அடுத்த வரியே "ஆமா, நான்தான்." நடுவில் முப்பத்தொரு நிமிடம். வெறும் சத்தம். விதிப்படி விட்டுவிட்டேன்.



மார்ச் 8
மனசு கேட்காமல் அதிகாரியிடம் கேட்டேன். "வெடிச்சா முந்நூறு பேரும்மா. ஒருத்தனுக்கு நாலு அடி விழுந்தா என்ன குறைஞ்சிடும்?" என் மகள் அந்த ரயிலில்தான் கல்லூரிக்குப் போகிறாள். திரும்பி வந்து அடுத்த பதிவைப் போட்டேன்.

மார்ச் 12
பாலத்தடியில் என்றான். தோண்டினார்கள், இல்லை. தண்ணீர்த் தொட்டி என்றான். அங்கும் இல்லை. தாள்களைப் புரட்டிப் பார்த்தேன். பாலம், தொட்டி இரண்டும் முதலில் கேள்வியில்தான் வருகின்றன. நிலாவா என்று கேட்டிருந்தால் நிலா என்றிருப்பான்.

மார்ச் 13
"அம்மா!" என்று மகளின் குரல். கரண்டியோடு ஓடினேன். கதவில் கால்விரலை இடித்துக்கொண்டாளாம். "இதுக்கு ஏம்மா இப்படிப் பதறுறே?"

அந்த முப்பத்தொரு நிமிடமும் அவன் இதைத்தானே சொன்னான்? சத்தம்னு எப்படி விட்டேன்? இது வார்த்தை இல்லையா? ஐயோ — கீழே என் கையெழுத்துல்ல இருக்கு.

மார்ச் 14
பிழை இருக்கிறது என்று பழைய தாளைத் திரும்ப வாங்கினேன். பொய் இல்லை. பதிவை மறுபடி கேட்டு, விட்டதையெல்லாம் அடித்தேன். நூற்று நாற்பது முறை 'அம்மா'. ஒவ்வொன்றும் தனி வரி, பக்கத்தில் நிமிடம், நொடி. மொத்தம் ஐந்து பக்கம். அதிகாரி கடைசி வரியை மட்டும் பார்த்து முத்திரை குத்தினார்.

ஏப்ரல் 2
எதிர்த்தரப்பு வக்கீல் ஐந்து பக்கமும் படித்திருக்கிறார். அதிகாரி தாளை என் மேஜையில் வீசினார். "என்னம்மா இது?"

"வார்த்தை, சார்."

ஸ்டோர் ரூமுக்கு மாற்றல். அங்கே நாற்காலிக்கு ஒரு கால் குட்டை.

ஏப்ரல் 19
நீதிமன்றம். அடித்தவளையே வாசிக்கச் சொன்னார்கள். நிமிடம், நொடி, அம்மா. நிமிடம், நொடி, அம்மா. இரண்டாம் பக்கத்தின் முடிவில் நீதிபதி "போதும்மா" என்றார்.

"இன்னும் மூணு பக்கம் இருக்குங்க ஐயா" என்றேன்.

அதற்கு மேல் யாரும் தடுக்கவில்லை. முழுவதும் வாசித்தேன்.

ஏப்ரல் 22
வாக்குமூலம் செல்லாதாம். அவரை விட்டுவிட்டார்கள்.

மகள் ஆறரை ரயிலில் வந்து சேர்ந்தாள். அதுவரை வாசலிலேயே நின்றிருந்தேன்.