சக்கரத்தின் வழவழப்பான பாதி

786

தர்மபுரி
4.7.1969

மொரப்பூர் ஸ்டேஷனில் தந்தி பார்க்கும் வெங்கடாசலம் அய்யாவுக்கு, என் பேரன் நூர் பாஷா நன்னி என்று கூப்பிடும் ஷரீபுன்னிசா சலாம் சொல்லி எழுதுவது. இங்கே எல்லோரும் இருக்கிறோம். அங்கே உங்கள் பிள்ளைகள் வேளைக்குச் சாப்பிட்டு விளையாடிக்கொண்டிருப்பார்கள் என்று நம்புகிறேன்.

உங்கள் கார்டு வந்து பதினொரு நாள் ஆகிறது. "தீவில் காய்ச்சல் பரவுகிறது, நூருக்கும் இரண்டு நாளாக உடம்பு சுடுகிறதாம்" என்று எழுதியவர் அப்படியே விட்டுவிட்டால் நான் என்ன செய்வது? மழைக்காலம் முடியும்வரை அந்தத் தீவுக்குக் கப்பல் இல்லை, தபாலும் இல்லை. அவன் வேலை பார்க்கும் வானிலை ஆபீஸ் ஒயர்லெஸ்ஸில் சொந்தச் சேதி பேசக் கூடாதாம். அவன் கையோடு கொண்டுபோன, தந்தி மாதிரி தட்டிப் பேசும் சின்ன ரேடியோவும், உங்கள் வீட்டு ரேடியோவில் அதைக் கேட்கும் உங்கள் காதும்தான் எனக்குக் கதி.

என் வேலையில் நான் குறை வைக்கவில்லை. மாடியில் அவன் வைத்துவிட்டுப் போன பெட்டியை விடிகாலைத் தொழுகை முடிந்ததும் போடுகிறேன், ஏழு மணிக்கு அணைக்கிறேன். சாயங்காலமும் அப்படியே. அந்த இரண்டு வேளையில்தான் அலை தீவுவரை போகுமாம். அது ரேடியோ அலையில் தட்டும் சத்தம் அவன் காதில் விழுந்தால் "நம்ம ஊர் இன்னைக்கு எட்டுது" என்று தெரிந்து அவன் உங்களைக் கூப்பிடுவான் என்றுதானே சொன்னீர்கள். ஐந்தாவதோடு படிப்பை நிறுத்தினாலும் இந்தத் தெருவில் ரேடியோ ஸ்டேஷன் நடத்துகிறவள் நான் ஒருத்திதான். எதிர்வீட்டு ஜானகியம்மாள்கூட, "ஏங்க, உங்க ஸ்டேஷன்ல நேயர் விருப்பம் எப்பங்க போடுவீங்க?" என்று கேட்கிறாள். கேட்கட்டும்.

ஒரு வரியாவது எழுதுங்கள்.

ஷரீபுன்னிசா


மொரப்பூர்
7.7.1969

மரியாதைக்குரிய அம்மாவுக்கு வெங்கடாசலம் வணக்கம்.

எழுத ஒன்றும் கேட்கவில்லை, அதனால்தான் எழுதவில்லை. உங்கள் பெட்டி நிற்பதே இல்லை, அம்மா. முன்பெல்லாம் இரண்டு நிமிடம் தட்டும், இரண்டு நிமிடம் சும்மா இருக்கும். இப்போது இடைவெளியே இல்லை. ஏதாவது பழுதா? அதே அலையில் பேசும் மைசூர் நண்பர் ஒருவர், "யாருய்யா அது, மூச்சு விடாம?" என்று கார்டு போட்டிருக்கிறார். அந்த அலை நமக்கென்று அளந்து கொடுத்தது அல்ல. நாம் பேசினால் மற்றவருக்கும் இடம் விட வேண்டும்.

நூர் இல்லாதபோது அந்தப் பெட்டிக்கு நான்தான் பொறுப்பு. நேரில் வந்திருப்பேன். ஸ்டேஷனில் என்னோடு முறை பார்ப்பவர் விடுப்பில் போய்விட்டார், நகர முடியவில்லை. பெட்டிக்குள் சுற்றும் சக்கரத்தைப் பார்த்து எழுதுங்கள்.

வெங்கடாசலம்


786

தர்மபுரி
9.7.1969

வெங்கடாசலம் அய்யாவுக்கு ஷரீபுன்னிசா எழுதுவது.

பழுதா என்று கேட்டீர்கள். பழுது இல்லை, பழுது பார்த்திருக்கிறோம். பெட்டிக்குள் சுற்றும் பித்தளைச் சக்கரத்தில் ஒரு பாதியில்தான் வெட்டு இருந்தது, மறுபாதி வழவழ என்று இருந்தது. என் மகன் அப்துல் சுபான் பார்த்துவிட்டு, "யம்மா, உம் பேரன் பாதி வேலையில வுட்டுட்டுப் போயிருக்கான் பாரு" என்றான். நாற்பது வருஷமாக டிரங்குப் பெட்டி செய்கிற வீடு இது. அரைகுறை வேலை எங்கள் பட்டறையைத் தாண்டியதில்லை. காய்ச்சல் சேதி வந்த அன்றே, முதல் பாதியில் இருந்த வெட்டுகளை மறுபாதியிலும் அப்படியே வெட்டச் சொன்னேன். மயிரிழை பிசகாமல் வெட்டியிருக்கிறான்.

காய்ச்சலில் கிடக்கிற பிள்ளை காதை வைக்கும்போது வீட்டுச் சத்தம் இல்லாவிட்டால் மனசு விட்டுவிட மாட்டானா? மைசூர்க்காரருக்குப் பேரன் இருந்தால் இது புரியும்.

ஷரீபுன்னிசா


மொரப்பூர்
11.7.1969

அம்மா,

கோபிக்காமல் படியுங்கள். நூரின் ரேடியோ ஒரே ஒரு அலையில்தான் பேசும். உங்கள் பெட்டி தட்டுவதும் அதே அலைதான். அது நிற்கும் இரண்டு நிமிடத்தில்தான் அவன் என்னைக் கூப்பிட முடியும், நான் பதில் சொல்ல முடியும். அவன் குரல் கடல் தாண்டி வருகிறது, நூல் மாதிரி. உங்கள் பெட்டி எனக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, அது தட்டினால் அவன் குரல் அமுங்கிவிடும்.

சக்கரத்தில் வெட்டு சுற்றி வரும்போது பெட்டி தட்டும், வழவழப்பு வரும்போது நிற்கும். அந்த வழவழப்பான பாதி அவன் பேசுவதற்காக அவனே விட்டுவைத்தது. பதினெட்டு நாளாக அவன் கூப்பிட்டிருந்தாலும் எனக்குக் கேட்டிருக்காது.

இதைப் பார்த்ததும் அணைத்துவிடுங்கள்.

வெங்கடாசலம்


786

தர்மபுரி
13.7.1969

அய்யா,

அணைத்துவிட்டேன். சுபான் மறுபாதி வெட்டுகளை ஈயம் ஊற்றி அடைத்து, ராவிக் கொடுத்தான். இன்று சாயங்காலத்திலிருந்து பழையபடி இரண்டு நிமிடம் தட்டுகிறது, இரண்டு நிமிடம் நிற்கிறது. நிற்கும்போது என்னால் உட்கார முடியவில்லை. மாடிப்படியில் ஏறுகிறேன், இறங்குகிறேன். "ஏம்மா இப்படி அலையற?" என்கிறான் சுபான். பிள்ளை காய்ச்சலோடு கூப்பிட்டபோதெல்லாம் அவன் வாயை நானே பொத்தியிருக்கிறேன். அதை இவனிடம் எப்படிச் சொல்வது?

கேட்டால் எழுதுங்கள். கேட்காவிட்டாலும் எழுதுங்கள்.

ஷரீபுன்னிசா


மொரப்பூர்
16.7.1969

அம்மா,

இன்று காலை ஆறு மணிக்குச் சற்று முன், உங்கள் பெட்டி நின்றதும் நூர் வந்தான். அவன் தட்டியதை அப்படியே எழுதுகிறேன்: "காய்ச்சல் போய்விட்டது. மூன்று வாரமாகக் கூப்பிடுகிறேன். வீட்டுப் பெட்டி நிற்காமல் அடித்தது. நன்னி இருந்தால் அப்படி விடமாட்டார்கள். அவர்களுக்கு என்ன ஆயிற்று? மறைக்க வேண்டாம்."

நலமாக இருக்கிறார்கள் என்றேன். நம்பவில்லை. மூன்று தரம் கேட்டான். அவனைத் தேற்ற நான் பொய் சொல்கிறேன் என்று நினைக்கிறான். நன்னி வாயிலிருந்து வந்த வார்த்தை இருந்தால் சொல்லுங்கள் என்கிறான். ஞாயிற்றுக்கிழமை காலை சொல்வதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன். என்ன சொல்லட்டும்?

வெங்கடாசலம்


786

தர்மபுரி
17.7.1969

வெங்கடாசலம் அய்யாவுக்கு,

ஞாயிறு காலை பெட்டியைப் பத்து நிமிடம் போட்டுவிட்டு அணைத்துவிடுகிறேன். மீதி நேரம் முழுக்க உங்கள் இரண்டு பேருக்கும்.

முதலில் இதைத் தட்டுங்கள். ஒரு சொல்லும் திருத்த வேண்டாம். "ஏண்டா, எனக்கு அதுக்குள்ள கபர் தோண்டிட்டியா? ஊறுகா ஜாடியக் கேக்காம எடுத்துட்டுப் போனவனே, அது இல்லாம வூட்டுப்படி ஏறுனா கால ஒடிப்பேன்."

இதைக் கேட்டால் நம்புவான். நம்பிவிட்டேன் என்று அவன் சொன்ன பிறகு அடுத்ததைத் தட்டுங்கள். அதற்கு முன் வேண்டாம். நான் இப்படிச் சொல்லி அவன் பிறந்ததிலிருந்து கேட்டதில்லை, முதலிலேயே கேட்டால் நான் செத்துத்தான் போனேன் என்று முடிவு கட்டிவிடுவான்.

"சக்கரத்தைக் கெடுத்தது நான். தப்பு என்னுடையது."

அதற்கு அவன் என்ன சொன்னாலும் எனக்கு எழுத வேண்டாம்.

ஷரீபுன்னிசா