பூஜை போட்ட எண்ணெய்

அக். 6, திங்கள்

காலையிலிருந்து தூறல். ஆதியின் துணி ஒன்றும் காயவில்லை. அவன் இருமல் மருந்து தீர்ந்துவிட்டது, வாங்கணும்.

சாயங்காலம் ஆவடி பாலம் ஏறும்போது பைக் அலறியது. அலறல்தான், வேகம் இல்லை. இவர் முறுக்க முறுக்க சத்தம் முன்னால் ஓடுகிறது, வண்டி பின்தங்குகிறது. பின்னால் தண்ணீர் லாரி, விடாத ஹார்ன். பெட்ரோல் டேங்க் மேல் உட்கார்ந்து ஆதி கைதட்டுகிறான். ஒரு கையால் அவனை இழுத்துப் பிடித்துக்கொண்டேன்.

"மழைடி. மூணு பேர் வெயிட் வேற," என்றார் இவர்.

போன மாதமும் மூன்று பேர்தான், அதே பாலம்தான். நடுவில் மாறியது ஒன்றே ஒன்று. ஆயுத பூஜைக்கு முந்தின நாள் மாமா என்ஜின் ஆயில் மாற்றினார். வருஷா வருஷம் அவர் கையால்தான். மெக்கானிக் தொடக்கூடாது.

அடுத்த திங்கள் முதல் இவருக்கு செகண்ட் ஷிப்ட், திருமழிசை. ஹைவே முழுக்க டிரெய்லர். முந்தும்போது இப்படி ஆனால்?

அக். 7, செவ்வாய்

மாடிப்படி அடியில் அந்த ஆயில் டப்பா. மேலே கார் படம்! மாடி வீட்டுக்காரர் தன் காருக்கு ஊற்றி மிஞ்சியதை மாமாவிடம் கொடுத்தாராம்.

போனில் தேடித் தேடிக் கண் எரிச்சல். புரிந்த மட்டும்: பைக்கில் கிளட்ச் தட்டுகள் என்ஜின் எண்ணெயிலேயே ஊறிக் கிடக்கும். காரில் அப்படி இல்லை. கார் எண்ணெயில் வழுக்கலுக்கென்று ஏதோ சேர்ப்பார்களாம். அதை பைக்கில் ஊற்றினால் தட்டு தட்டைப் பிடிக்காது. என்ஜின் சுற்றும், சக்கரத்துக்கு வந்து சேராது. பைக் எண்ணெய் டப்பாவின் பின்னால் சின்னக் கட்டத்தில் எம்.ஏ. அல்லது எம்.ஏ.2 என்று இருக்கணும். இதில் கட்டமே இல்லை.

இவரிடம் சொன்னேன். "அப்பாகிட்ட நீயே சொல்லேன்." நல்ல பிள்ளை.

அக். 8, புதன்

சொன்னேன். மாமா ரிட்டயர் ஆகும்வரை ஃபேக்டரியில் ராணுவ டாங்கு என்ஜின் பிரிவு.

"டாங்கையே பிரிச்சு மாட்டினவன்மா நான். என்ஜின்னா என்ஜின்தான். காருக்கே ஊத்தறது. இந்த வண்டி குடுத்து வெச்சிருக்கணும்."

"கிளட்ச் வழுக்குது மாமா."

"பூஜை போட்டு ஊத்தினதும்மா. ஒரு வாரத்துல கீழ கொட்டறதா? வீட்டுக்கு நல்லதா?"

அதுதான் விஷயம். சூடம் காட்டி, எலுமிச்சம்பழம் நசுக்கி எடுத்த வண்டி. நானும்தான் கும்பிட்டேன். கொட்டி ஏதாவது ஆனால் என் தலையில் விடியும். கொட்டாமல் ஏதாவது ஆனால்...



அக். 9, வியாழன்

வெயில். ஆதியை இடுப்பில் வைத்துக்கொண்டு பூந்தமல்லி பஸ். ஸ்பேர் பார்ட்ஸ் கடை.

எதற்கும் வாங்கி வைப்போம் என்று டென் டபிள்யூ தேர்ட்டி, எம்.ஏ.2 போட்ட ஆயில் கேட்டேன்.

"அது தண்ணி மாரி கீதும்மா. ட்வென்டி ஃபார்ட்டி எத்துகினு போ, கெட்டியா கீது. ஊரே அத்ததான் ஊத்துது."

"வண்டி புக்ல தேர்ட்டிதான் போட்டிருக்குங்க."

"புக்கா வண்டி ஓட்டுது?"

பக்கத்தில் நின்றவர்: "குடுத்துடு நைனா. டீச்சரம்மா முட்டி போட வெச்சிரப் போறாங்க."

சிரித்தார்கள். நான் நகரவில்லை. ஃபில்டர் இரண்டு காட்டினார். ஒன்றில் காகித மடிப்பு கோணல்மாணல், ஓரத்தில் பசை விட்டிருக்கிறது. மற்றதில் மடிப்பு நெருக்கமாக, ஒரே சீராக. அதையே எடுத்தேன். கூடவே ரப்பர் வளையம், வாஷர்.

வீட்டுக்கு வந்தபின்தான் ஞாபகம், இருமல் மருந்து!

அக். 10, வெள்ளி

"நீங்களே ஒருதரம் பாலம் ஏத்திப் பாருங்க மாமா. ஒண்ணும் இல்லன்னா நான் வாயே திறக்கல."

ஹெல்மெட் மாட்டிக்கொண்டு போனார். போனபின் பயம். அவரை ஏன் அனுப்பினேன்? கேட்டிலேயே நின்றேன். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது.

வந்தார். ஹெல்மெட்டைக் கழற்றாமலே படியில் உட்கார்ந்தார். "பாலத்துல வண்டி ஏறல. பின்னாடி பஸ்காரன் என்னா பேச்சு பேசறான்..."

தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு, "நீ வாங்கினது எங்க? நாளைக்குப் பாக்கலாம்."

அக். 11, சனி

புது டப்பாவை வண்டி முன்னால் வைத்துச் சூடம் காட்டினார் மாமா. அதன் பிறகுதான் ஸ்பேனரைத் தொட்டார். இது எனக்குத் தோன்றவே இல்லை.

பழைய எண்ணெய் தட்டில் இறங்கியது. புது ஃபில்டரைப் பக்கம் மாற்றி மாட்டப் போனார்.

"மாமா, அச்சடிச்ச பக்கம் வெளிய வரணும்."

"தெரியும்." திருப்பினார்.

ஓட்டிப் பார்த்தால் இன்னும் கொஞ்சம் வழுக்குகிறது. தட்டுகள் கருகிவிட்டனவா? திங்கள் வேறு வருகிறது.

அக். 12, ஞாயிறு

மாமா நாள் முழுக்கத் தெருத் தெருவாக வண்டியில். தட்டில் ஊறிய பழசு போகணுமாம். சாயங்காலம் வழுக்கல் இல்லை என்றார். இவரும் ஓட்டிப் பார்த்து, இல்லை என்றார். நம்பலாமா?

துணி எடுக்கப் போனபோது காதில் விழுந்தது, மாமா மாடி வீட்டுக்காரரிடம்: "கார் ஆயில பைக்ல ஊத்தவே கூடாது சார். கிளட்ச் வழுக்கும். நிறைய பேருக்குத் தெரியறதில்ல."

அக். 13, திங்கள்

இருமல் மருந்து வாங்கியாச்சு. மதியம் இவர் கிளம்பினார். சக்கரத்துக்கடியில் மறுபடி எலுமிச்சம்பழம், மாமா வேலை. தெருமுனை மேட்டில் சத்தம் ஏறியது. வண்டியும் கூடவே ஏறியது. ஆதி கைதட்டினான்.

இப்போது ராத்திரி, மழை. இவர் இன்னும் வரவில்லை. வாசலில் நசுங்கிய பழம் அப்படியே கிடக்கிறது. பெருக்கவில்லை. வந்துவிடட்டும்.