சுவரில் இருந்த முகம்

அன்புள்ள அம்மாவுக்கு, மகன் எவாரிஸ்தோஸ் வணங்கி எழுதுவது. கடவுள் கிருபையால் நலமே. உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

சாமி படங்களை வணங்கக் கூடாதென்ற பேரரசர் கட்டளையோடு போன வாரம் படைவீரர்கள் எங்கள் மடத்துக்கு வந்தார்கள். கோயில் சுவரில் வரைந்திருந்த மாதாவை அழிக்கச் சொல்லி, அவர்கள் தலைவன் சுண்ணாம்பு மட்டையை என் கையில் திணித்தான்.

"பூசு சாமி, உன்ன விட்டுடறோம்."

"உன்னப் பெத்தவ மொகத்துல பூசுவியா, தம்பி?" என்றேன்.

அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. வலக்கையில் சின்ன அடிதான். அதனால் இதை நான் சொல்லச் சொல்ல எங்கள் மடத்துச் சகோதரர் நிகான் எழுதுகிறார். இப்போது இருவரும் தீவுச் சிறையில் இருக்கிறோம். கடல்காற்று நன்றாக வீசுகிறது. கம்பளிக் காலுறையும், நீங்கள் ஊறவைத்த ஒலிவக்காயும் அனுப்புங்கள்.

இக்கடிதம் கொண்டுவரும் படகு கிளம்புகிறது. உங்கள் கட்டிலருகே உள்ள மாதா படத்தைக் கேட்டு ஆட்கள் வந்தால், மறுக்காமல் கொடுத்துவிடுங்கள், அம்மா. மாதா பொறுத்துக்கொள்வாள். உங்களை அடித்தால் என்னால் பொறுக்க முடியாது.