மேடை ஏறாத மருமகள்

15.8.1975, வெள்ளி இரவு.

இன்று பேரையூர்ப் பள்ளிக்கூடத்தில் இருந்தவர்கள்: நான், சண்டையில் செத்த என் சின்ன மகன் முத்துவின் பெண்டாட்டி பேச்சி, என் மூத்த மகன் ராமையா, விழா நடத்திய சுந்தரம், பிறகு ஊர் சனம்.

பட்டாளத்தில் உயிர்விட்டவன் குடும்பத்துக்குப் பொன்னாடை போர்த்துகிறோம் என்று வீடு தேடி வந்து கூப்பிட்டார்கள். பேச்சி பெட்டியில் கிடந்த நல்ல சேலையை எடுத்துக் கட்டினாள். முத்து பெயரை மைக்கில் சொன்னதும் எழுந்தாள். சுந்தரம் ஓடி வந்து மறித்தான்.

"நீ இரும்மா. குத்துவிளக்கு ஏத்துன மேடை. தாலியில்லாதவுக ஏறுனா நல்லாருக்காது. ராமையாண்ணே, நீங்க வாங்க."

"அவ தாலி எதுக்குய்யா போச்சு? அதுக்குத்தான கூப்பிட்ட?" என்றேன். நானும் தாலி இல்லாதவள்தான். என் பேச்சு எடுபடவில்லை.

ராமையா ஏறினான். குனிந்து கழுத்தைக் கொடுத்தான். போட்டோவுக்குச் சிரித்தான். பேச்சி எழுந்த இடத்திலேயே நின்றாள்.

பஸ்ஸில், "அதக் கழத்தி அவ கையில குடுடா" என்றேன்.

"ஒரு துண்டுக்கு என்னாத்தா இம்புட்டுச் சண்டை? எனக்குத்தான போத்துனாக" என்றான். பேச்சி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சுந்தரம் யாரோ. கூடப் பிறந்தவன், "என் தம்பி பெண்டாட்டி வரட்டும்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அந்தப் பொன்னாடை இப்போது அவன் அறைக் கொடியில் தொங்குகிறது. நான் சாகிற வரைக்கும் மன்னிக்க மாட்டேன், என் வயிற்றில் பிறந்த ராமையாவை.