தளவாய் மாளிகையில் தண்ணீர் மேலேறிய காரணம்

உடனிருந்தோர்: மாளிகைக்கு உடையவரும் கோட்டைப் படையின் தலைவருமான தளவாய் கூற்றங்குமரர். அவர் மனைவியார் அல்லியங்கோதை, நிறைமாதச் சூலி. மாளிகையைக் கட்டியவனும், இதுவரை அதன் தானிய அறையிலேயே அடைக்கப்பட்டிருந்தவனுமாகிய கடற்கரை நாட்டுக் கொத்தன் பொறையன். சமையற்கட்டுக்குத் தண்ணீர் சுமக்கும் இவ்வூராள் மருதி. நான் சொல்லச் சொல்ல இவ்வோலையை எழுதும் நக்கண்ணன்.

மேற்கு மலை முதல் உப்பங்கழி வரை குடைநிழல் விரித்து, எல்லைக் காவலர் உறங்கும்போதும் தாம் உறங்காத வேங்கைமலை நாட்டுப் பேரரசி, திருமுடி வானவல்லி நாச்சியார் திருவடிகளுக்கு, கோட்டை நீர்வழி அதிகாரி இருஞ்சேந்தன் பணிந்து எழுதுவது. தங்கள் களஞ்சியம் நிறைக. தங்கள் கிணறுகள் இனிக்க. இவ்வோலையைப் படித்து முடித்த பிறகும் தங்கள் நெஞ்சு அமைதியாய் இருக்க.

தளவாயின் புது மாளிகையில் கழிவுநீர் வெளியேறவில்லை என்றும், கொத்தன் பகைவரிடம் கைக்கூலி பெற்றுக் கேடு செய்தான் என்றும், மழைக்காலம் தொடங்குமுன் அவனைக் கழுவேற்ற உத்தரவு வேண்டும் என்றும் தளவாயார் விண்ணப்பித்தார். உண்மையை அறிந்து தீர்ப்புச் சொல்லத் தாங்கள் தங்கள் முத்திரை மோதிரத்தைத் தந்து என்னை அனுப்பினீர்கள். கண்டதைக் கண்டபடியே சொல்கிறேன். இனிமையாகச் சொல்ல எனக்கு வராது. அது தாங்கள் அறிந்ததுதான்.

மாளிகை அழகானது. சுண்ணச்சாந்து முட்டை ஓடுபோல் மின்னுகிறது. ஆனால் வாசற்படி ஏறும்போதே நாற்றம் எதிர்கொண்டது. அது சாக்கடை நாற்றமன்று. நெடுநாள் வெளிச்சம் காணாத சேற்றின் நாற்றம். குளியல் முற்றத்தில் கணுக்கால் அளவுக்குக் கருநிறத் தண்ணீர் தேங்கியிருந்தது. அல்லியங்கோதையார் அங்கே குளிப்பதை நிறுத்திவிட்டார். பிள்ளை இந்த மாளிகையில்தான் பிறக்க வேண்டும் என்று கணவர் பிடிவாதமாக இருப்பதாகவும், தாம் ஒவ்வொரு விடியலிலும் வாந்தி எடுப்பதாகவும், அதற்குக் காரணம் வயிற்றுப் பிள்ளை அன்று என்றும் அவர் தாதி வழியாக எனக்குச் சொல்லியனுப்பினார்.

தளவாயார் முற்றத்து ஓரத்தில் நின்றபடியே பேசினார். "இதுல ஆராய என்ன இருக்கு சேந்தரே? அந்தப் பயல் குழாய்க்குள்ள செங்கல்லப் போட்டு அடைச்சிருக்கான். ரெண்டு உதை விட்டா எந்த இடம்னு தானே சொல்லுவான்" என்றார். முன்பே உதைத்தும் அவன் சொல்லவில்லையே என்றேன். அவர் முகம் திருப்பிக்கொண்டார்.

அடைப்பு என்றால் அதற்கென்று ஓர் இயல்பு உண்டு. ஊற்றினால் ஏறும், ஊற்றாவிட்டால் மெல்ல வடியும். ஆகவே முதலில் தரையைப் பார்த்தேன். ஓர் எலுமிச்சம்பழத்தை அறைக்கு அறை உருட்டிவிட்டேன். எல்லா அறையிலும் அது நீர்வாயைத் தேடிப்போய் நின்றது. வாட்டத்தில் பிழையில்லை. பிறகு சுடுமண் குழாய்களைத் திறக்கச் செய்து மூங்கிலை உள்ளே விட்டேன். மூங்கில் தெருவோரத் தொட்டி வரை தடையின்றிப் போயிற்று. செங்கல் இல்லை, சாந்துக்கட்டி இல்லை, செத்த எலிகூட இல்லை. கொத்தனின் வேலை சுத்தமானது. என் வீட்டைக் கட்டியவன் இதில் பாதி கவனம் காட்டியிருந்தால் நான் மகிழ்ந்திருப்பேன்.

அதன்பின் வீட்டில் ஒருவரும் ஒரு சொட்டுத் தண்ணீரும் கொட்டக்கூடாது என்று தடுத்தேன். சமையல் வெளியே நடந்தது. குளியல் ஆற்றில் நடந்தது. மறுநாள் வந்து பார்த்தபோது முற்றத்துத் தண்ணீர் வடியவில்லை. முழங்காலை நோக்கி ஏறியிருந்தது. தண்ணீருக்கு மேல் சிவந்து சுருண்ட ஓர் இளந்தளிர் தலை நீட்டியிருந்தது. தாமரை. பக்கத்திலிருந்த சேற்றை அள்ளிப் பார்த்தேன். உள்ளே குளத்து நத்தை ஓடுகள். குடிபுகுந்து ஒரு பருவம்கூட ஆகாத வீட்டில் இவை எங்கிருந்து வந்தன என்று கேட்டேன். வேலைக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு வெளியே நழுவினார்கள்.

மருதியை மட்டும் நிறுத்தினேன். தண்ணீர் சுமப்பவளுக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் இராது என்றேன். அவள் குடத்தை இடுப்பிலிருந்து இறக்காமலே, "தெரியும் சாமி. இந்த ஊருல எல்லாருக்கும் தெரியும். ஆனா எனக்கு நாக்கு ஒண்ணுதான் இருக்கு. அத வச்சுத்தான் சோறு திங்கணும்" என்றாள். பிறகு போகிற போக்கில், "உமியக் கொட்டிப் பாருங்க. உமிக்கு அரச தண்டனை கிடையாது" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

தெருவோரத் தொட்டிக்கு அப்பால் வீட்டுக் குழாய் பழைய கல் கால்வாயோடு சேர்கிறது. கோட்டைக்குள் எவரும் புதுக் கால்வாய் வெட்டக்கூடாது, இருக்கும் கால்வாயோடுதான் சேர்க்க வேண்டும் என்பது தங்கள் பாட்டனார் காலத்துக் கட்டளை. கொத்தன் அதன்படியே செய்திருந்தான். அந்தச் சேர்க்கையைத் திறந்து உமியைக் கொட்டினேன். உமி வெளியே கோட்டை மதிலை நோக்கிப் போகவில்லை. அசைந்து, திரும்பி, வரிசையாக வீட்டை நோக்கி வந்தது. மேற்கே மலையில் தூறல் விழுந்த நேரம் அது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதன் வேகம் கூடியது.

இந்த வீட்டுக் கழிவுநீர் வெளியே போகாமல் நிற்கவில்லை, அரசியாரே. மலைத்தண்ணீர் முழுவதும் இந்த வீட்டுக்குள் வந்துகொண்டிருக்கிறது.

கொத்தனைத் தானிய அறையிலிருந்து அழைத்துவரச் சொன்னேன். அவன் பாதம் ஊறி வெளுத்திருந்தது. அந்த அறைத் தரையிலும் தண்ணீர் கசிகிறது. கால்வாய் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கேளாமல் எப்படிச் சேர்த்தாய் என்றேன். அவன் சிரித்தான். "கேட்டேனுங்க ஐயா. நான் கேக்காம இருப்பனா? செக்கடியில கேட்டேன், கோயில் வாசல்ல கேட்டேன். கேட்டதும் எல்லாரும் வானத்தப் பாத்தாங்க. ஒருத்தர் மழை வரும்போல இருக்குன்னாரு. இன்னொருத்தர் எம் பொண்டாட்டி சுகமான்னு கேட்டாரு. எனக்குப் பொண்டாட்டியே இல்லீங்க" என்றான்.

தளவாயார் இடைமறித்தார். கழுவேற்றத்துக்கு உரியவனை விடுவிக்கும் தீர்ப்பில் காரணம் தெளிந்த சொற்களில், சாட்சிகள் முன் சொல்லப்பட வேண்டும் என்பது நாட்டு வழக்கம் என்று நினைவூட்டினார். அந்தக் கால்வாய் எங்கே போகிறது, அதன் பெயர் என்ன என்று சொல்லிவிட்டுக் கொத்தனை அழைத்துப் போகலாம் என்றார். சொல்ல முடியாது என்று தெரிந்தே சொன்னார். இந்த மனை எதன் மேல் நிற்கிறது என்பது அவருக்குத் தெரியும். அதைத் தூர்க்கும் பணியை முன்நின்று நடத்தியவர் அவர். மனையைப் பரிசாகப் பெற்றவரும் அவரே.

நான் நேரம் கடத்தவில்லை. தங்கள் மோதிரம் விரலில் இருக்கும்வரை என் சொல் தங்கள் சொல் என்பதால், முதலில் அதைக்கொண்டு ஆணையிட்டேன். காரணம் சாட்சிகள் முன் சொல்லப்பட்ட அந்த நொடியே பொறையன் விடுதலை பெற்று எல்லை கடக்க வேண்டும். அல்லியங்கோதையார் இன்றே தாய்வீடு செல்ல வேண்டும். மாளிகையில் எவரும் குடியிருக்கக் கூடாது. தளவாயார் தலைவணங்கி ஏற்றார். பிறகு மோதிரத்தைக் கழற்றி நக்கண்ணன் கையில் கொடுத்தேன். தங்கள் கட்டளையைத் தங்கள் வாயாலேயே மீறும் குற்றம் தங்களைச் சேரக்கூடாது. அதன்பின் சொன்னதை இருஞ்சேந்தன் என்ற தனியாள் சொன்னான்.

அந்தக் கல் கால்வாய் விறலன் குளத்தின் வரத்துக்கால். தங்கள் தமையனார் விறலன் வெட்டிய குளம். அவர் இறந்தபின் தாங்கள் அதைத் தூர்க்கச் செய்தீர்கள்; இந்த மாளிகை அதன் மேல் நிற்கிறது. அப்பெயரை உச்சரிப்பவரை, உச்சரித்த இடத்துக்கு அருகிலுள்ள பூட்டுள்ள அறையில், தங்கள் மறுசொல் வரும்வரை அடைக்கக் கட்டளையிட்டீர்கள். தூர்த்தவர்கள் குளத்தை மட்டும் தூர்த்தார்கள். மலையிலிருந்து தண்ணீர் கொண்டுவரும் கால்வாயை அடைக்கவில்லை; அடைக்க வேண்டுமென்றால் அது எதன் கால் என்று ஒருவராவது கேட்டிருக்க வேண்டும். வெளியேற்றும் மடை மண்ணுக்கடியில் மூடிக்கிடக்கிறது. ஆகவே தண்ணீர் தனக்குத் தெரிந்த இடத்துக்கு வருகிறது, போக வழியில்லை. குளத்தோடு வேறு எது புதைக்கப்பட்டது என்று நான் கேட்கவில்லை. ஆனால் பெருமழையில் அந்த மண் இளகும். மாளிகை இறங்கும். பிறகு வரத்துக்கால் நிரம்பிக் கீழ்த்தெரு வீடுகளின் கிணறுகளில் கலக்கும். அங்கே குடிப்பவர்களுக்கும் பெயரைச் சொல்ல உரிமை இல்லை. ஆகவே தாம் எதனால் நோயுற்றோம் என்று அவர்கள் எவரிடமும் முறையிட மாட்டார்கள்.

மலையடிவாரத்தில் வரத்துக்காலை மறித்து ஆற்றுக்குத் திருப்ப வேண்டும். மடையைத் தோண்டித் திறக்க வேண்டும். அதற்கு ஆட்களிடம் எந்தக் கால், எந்த மடை என்று சொல்லியாக வேண்டும். அந்தச் சொல்லை அனுமதிக்கத் தங்களால் மட்டுமே முடியும். மழைக்கு முன் தங்கள் மறுசொல் வர வேண்டுகிறேன். எனக்காக வேண்டவில்லை என்று எழுதினால் பொய்யாகும். எனக்காகவும் வேண்டுகிறேன்.

மோதிரம் அரக்கிட்டு இவ்வோலையோடு வருகிறது. இதன் சொற்களுக்கு நானே பொறுப்பு. எழுதியவன் கை கேட்டதை மட்டும் எழுதியது. அரசியார் கண்பட்ட பின் இவ்வோலை எரிக்கப்படாதிருப்பதாக.

இருஞ்சேந்தன்.

இனி எழுதுவது எழுத்தர் நக்கண்ணன், என் சொல்லாக. கொத்தன் பொறையன் தெற்கு வாயில் வழியே போனான். தளவாயின் மனைவியார் பல்லக்கில் போனார். வேலைக்காரர்கள் பாத்திரங்களைத் தலையில் தூக்கிக்கொண்டு போனார்கள். அருகிலுள்ள பூட்டுள்ள அறை தானிய அறைதான் என்று தளவாயார் கட்டளையைச் சொல்லுக்குச் சொல் படித்துக் காட்டினார். மாளிகையில் எவரும் குடியிருக்கக் கூடாது என்ற ஆணை குடியிருப்பவருக்கே, கைதிக்கு அன்று என்றும் விளக்கினார். நீர்வழி அதிகாரி அவரிடம், "இத முன்னாடியே யோசிச்சு வச்சீரா, இல்ல இப்பத்தான் தோணிச்சா?" என்று கேட்டார். தளவாயார் கட்டளை ஓலையைச் சுருட்டினார். அதிகாரி வேட்டியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிக்கொண்டு, தண்ணீரில் கால் வைத்து உள்ளே போனார். மேற்கே இடி கேட்டது. அவருக்குப் பின்னால் கதவைச் சாத்தினார்கள். பூட்டினார்கள்.