மைனி கொண்டுவந்த பொருத்தனை

அன்புள்ள மைனிக்கு,

இன்று காலை மருமகள் பலாப்பழம் வெட்டினாள், வரிக்கைச் சக்கை. அந்த வாசனை எந்த வீட்டில் எழுந்தாலும் எனக்கு உங்கள் நினைவுதான் வருகிறது. இதைக் கேட்டால் சிரிப்பீர்கள், என் தலையில் ஒரு குட்டும் வைப்பீர்கள். குட்ட நீங்கள் இல்லாமல் போனதால் துணிந்து எழுதுகிறேன்.

கன்னியாகுமரி ஜில்லா என்று ஒன்று பிறக்காத காலம். குழித்துறைக்குப் பக்கத்து மிஷன் பள்ளியில் எனக்கு டீச்சர் வேலை கிடைத்து, உங்கள் வீட்டில் தங்கியிருந்தேன். என் அண்ணனுக்குப் பேச்சிப்பாறைப் பக்கம் ரப்பர் தோட்டத்தில் வேலை. சனிக்கிழமை சாயங்காலம்தான் வருவார். மற்ற நாளெல்லாம் நீங்கள், நான், உங்கள் மகன் செல்லையன். அவனுக்கு அப்போது நாலு வயது.

பின்புறத்துப் பலா அந்த வருஷம்தான் முதன்முதலாகக் காய்த்தது. பிஞ்செல்லாம் உதிர்ந்து ஒன்றே ஒன்று நின்றது. செல்லையன் எழுந்ததும் பல் தேய்க்க மாட்டான், மரத்தடிக்கு ஓடுவான். காயைத் தட்டிப் பார்த்துவிட்டு, "அம்மா, இன்னும் பழுக்கல்ல" என்று தினமும் செய்தி கொண்டுவருவான்.

அப்புறம் அவனுக்குக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரியில் கொடுத்த மருந்துக்கும் இறங்கவில்லை. நீங்கள் பெண்கள் ஜெபக்கூட்டத்தில் முழங்காலில் நின்று, பிள்ளை பிழைத்தால் மரத்தின் முதல் பழத்தைக் கோயிலுக்குக் கொண்டுவருகிறேன் என்று பொருத்தனை செய்தீர்கள். ஆராதனை நடத்தும் நம் சபை உபதேசியார் அதை ஞாயிறு அன்றும் சொல்லி ஜெபித்தார். சபை முழுக்க ஆமென் சொன்னது. காய் முற்றுவதற்குள் பிள்ளை போய்விட்டான்.

துக்கம் விசாரிக்க வந்தவர்கள் ஆளுக்கொரு வசனம் கொண்டுவந்தார்கள். ஆண்டவருக்குச் சித்தம் என்றார்கள், நல்ல பூவைத்தான் பறிப்பார் என்றார்கள். அவர்களையெல்லாம் துடைப்பத்தால் விரட்ட எனக்குக் கை பரபரத்தது. நீங்கள் எல்லாருக்கும் காப்பி போட்டுக் கொடுத்தீர்கள்.

பழம் பழுத்தது. வாசனை வீட்டுக்குள் வந்ததும் அண்ணன் வெட்டுக்கத்தியை எடுத்துக்கொண்டு எழுந்தார், அறுத்து மாட்டுக்குப் போட. கோயில் பக்கமே போகாமல் இருந்தார் அவர். பொருத்தனையை நீங்கள் நினைவூட்டியபோது, "பிள்ளைய எடுத்தவருக்குச் சக்கையும் வேணுமாக்கும்" என்றார். எனக்கும் அவர் பக்கம்தான் நியாயம் இருப்பதாகப் பட்டது. பிழைத்தால் தருகிறேன் என்றுதானே பேச்சு. கேட்டது கிடைக்காவிட்டால் கடன் ஏது?

நீங்கள் கத்தியை வாங்கிக்கொண்டீர்கள். "நான் அவருகிட்ட சண்டை போடப் போறேன். சண்டை போடுகதுக்கும் அங்கதானே போவணும்" என்றீர்கள். மறுநாள் சும்மாடு கட்டி, பழத்தைத் தலையில் ஏற்றிக்கொண்டு கோயிலுக்கு நடந்தீர்கள்.

நம் சபையைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டாம். காணிக்கையை விட, அது எதற்கு என்று உபதேசியார் அறிவிக்கும் காரணத்துக்குத்தான் எல்லாரும் காதைத் தீட்டிக்கொண்டிருப்பார்கள். உபதேசியார் பழத்தைப் பார்த்தார். வருஷக்கணக்காகச் சொல்லிப் பழகிய நாக்கு, பாவம். "மகன் சுகமடைந்ததற்காகத் தாயார் செலுத்தும் ஸ்தோத்திர காணிக்கை" என்று சொல்லிவிட்டார்.

அந்தப் பிள்ளையை அடக்கம் செய்ததே அவர்தான். சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே உறைத்தது.

பெண்கள் பாயிலிருந்து நீங்கள் எழுந்தீர்கள். ஆராதனை நடுவில் பெண் எழுந்து பேசி நம் கோயில் கண்டதில்லை.

"இல்ல உபதேசியாரே, பிள்ளைக்குச் சொகம் கிட்டல்ல. அவன் போயாச்சு. எதுக்குப் போனான்னு ஆண்டவருகிட்ட நான் தெனமும் கேக்கேன், அவரு ஒண்ணும் மிண்டல்ல, ஒரு வார்த்த பேசல்ல. மிண்டுவது வரைக்கும் இஞ்ச வந்து கேட்டுக்கிட்டே இருப்பேன். இது எனக்க பிள்ளைக்கு வேண்டி நேந்தது, வாங்கிக்கிடுங்க."

உட்கார்ந்துவிட்டீர்கள். முந்தானை நுனியை விரலில் சுற்றி இறுக்கிக்கொண்டிருந்தீர்கள், பக்கத்தில் இருந்த எனக்குத் தெரியும்.

ஆராதனை முடிந்து வெளியே வழக்கம்போல காணிக்கைப் பொருட்களின் ஏலம். தேங்காய் போயிற்று, வாழைக்குலை போயிற்று. உங்கள் பழத்துக்கு ஒருவரும் வாய் திறக்கவில்லை. எப்படித் திறப்பார்கள்? நீங்கள் கத்தி கேட்டு வாங்கி, கையில் எண்ணெய் தடவிக்கொண்டு, மண்ணில் உட்கார்ந்து பழத்தைப் பிளந்தீர்கள். முதல் சுளை, கோயில் தூணுக்குப் பின்னால் முகத்தை மறைத்து நின்ற உபதேசியாருக்கு. அவர் வாங்கவே தயங்கினார். "நாக்குத் தப்பினதுக்கு ஆரும் சாவப் போறதில்ல, தின்னுங்க" என்று கையில் திணித்தீர்கள். பிறகு ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் உங்களைச் சூழ்ந்துகொண்டார்கள். செல்லையன் வயதுப் பிள்ளைகள்.

அண்ணன் ரோட்டோரத்தில் நின்றுகொண்டிருந்தார். உங்கள் பின்னாலேயே நடந்து வந்தவர், உள்ளே மட்டும் வரவில்லை. பிள்ளைகளின் கூச்சல் கேட்டு மெல்ல வந்தார். உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து சுளை பறிக்கத் தொடங்கினார். அடுத்த வாரம் அவரும் நம்மோடு ஆராதனைக்கு வந்தார்.

மைனி, அதுவரை விசுவாசம் என்றால் வாய் மூடி ஏற்றுக்கொள்வது என்று நினைத்திருந்தேன். பள்ளியில் அப்படித்தான் சொல்லியும் கொடுத்தேன். உங்கள் விசுவாசத்துக்கு வாய் இருந்தது. அழுதது, கேட்டது, கோபித்தது, ஞாயிறு தவறாமல் வந்து உட்கார்ந்தது. வருஷங்கள் போகப்போக அது உரம் ஏறியதே தவிரக் குறையவில்லை. உங்களைவிட அதிகம் வேதம் படித்தவர்களை எனக்குத் தெரியும். உங்களைவிடப் பெரிய விசுவாசியை நான் பார்த்ததில்லை.

என் வீட்டுக்காரர் போனபோது எனக்கும் வசனங்கள் வந்து குவிந்தன. எல்லாருக்கும் காப்பி போட்டுக் கொடுத்தேன். அவர்கள் போன பிறகு கதவைச் சாத்திவிட்டு முழங்காலில் நின்றேன். ஸ்தோத்திரம் என்று சொல்ல வாய் வரவில்லை. ஏன் ஆண்டவரே என்றுதான் வந்தது. இன்றுவரை அவர் பதில் சொல்லவில்லை. நானும் எழுந்து போகவில்லை.