துணி தேய்க்கும் அறையில் நடந்தது

ஜித்ரா,
7-2-1978

அன்புள்ள தங்கை மேரிக்கு,

நானும் உன் அண்ணி பிரிஜெட்டும் நலம். மாப்பிள்ளை ஏசுதாசனின் முதுகுவலி குறைந்ததா? நான் வாங்கிக் கொடுத்த தைலத்தை அவர் தடவாமல் அலமாரியில் வைத்து அழகு பார்த்துக்கொண்டிருப்பார் என்று எனக்குத் தெரியும்.

இனி எழுதப்போவதை உட்கார்ந்து படி. உன் மகன் மோரிஸ் உடம்புக்கு நன்றாகத்தான் இருக்கிறான். ஆனால் கல்லூரியில் ஒரு விவகாரத்தில் மாட்டியிருக்கிறான். வெளியார் யாரோ உங்கள் பாடாங் மேஹா எஸ்டேட்டுக்கு வந்து காதும் மூக்கும் வைத்துச் சொல்லுமுன் நானே சொல்லிவிடுகிறேன்.

சனிக்கிழமை மாலை, விடுதியில் பிள்ளைகள் படிக்கும் நேரம். துணி தேய்க்கும் அறையில் மூத்த மாணவர்கள் ஒரு புதுப்பையனை வைத்து ராகிங் செய்திருக்கிறார்கள். பையன் பெயர் அழகேசன், லூனாஸ் பக்கத்து எஸ்டேட் பிள்ளை. யாரோ கன்னத்தில் விட்ட அறையில் காதிலிருந்து ரத்தம் வந்துவிட்டது. அலோர் ஸ்டார் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம். சவ்வு கிழிந்துவிட்டது, அந்தக் காது இனிச் சரியாகக் கேட்காது என்கிறார் டாக்டர். நான் ஓடிப் போனபோது அறைக்குள் மூன்று பேர் இருந்தார்கள். மோரிஸ் வெளியே நடையில் நின்றான். சத்தம் கேட்டு வந்ததாகச் சொல்கிறான். நால்வர் மீதும் விசாரணை.

விடுதி வார்டன் என்ற முறையில் விசாரணைக் குழுவில் நானும் இருக்கிறேன். மோரிஸ் என் தங்கை மகன் என்பது பிரின்சிபலுக்குத் தெரியும். நான் தள்ளி நிற்கிறேன் என்று சொன்னேன். "மிஸ்டர் ஹெர்பர்ட், உங்க நியாயத்துல எனக்குச் சந்தேகமே இல்ல" என்று சொல்லி இருத்திவிட்டார். ஆகவே விசாரணை முடியும்வரை மோரிஸுக்கு நான் மாமா இல்லை. என் வீட்டுக்குச் சாப்பிட வரக்கூடாது என்று அவனிடம் சொல்லிவிட்டேன். உன் அண்ணி இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை.

நீ பதறாதே. எதுவும் செய்யாதே.

அன்புடன்,
ஹெர்பர்ட்


சேசு மரி சூசை துணை

பாடாங் மேஹா எஸ்டேட்,
11-2-1978

அன்பும் மரியாதையும் நிறைந்த அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்ததிலிருந்து இந்த வீட்டில் யாரும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. அவர் பால்மரக் காட்டுக்கு ரப்பர் வெட்டப் போய்விட்டு வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொள்கிறார். தைலம் தடவுகிறார், அதில் குறை சொல்லாதீர்கள்.

அண்ணா, மோரிஸை உங்களுக்குத் தெரியாதா? கோழி அறுத்தால் பின்வாசல் வழியாக ஓடிப்போகிற பிள்ளை. அவன் கை நீட்டியிருப்பானா? அவனை உங்கள் கல்லூரியில் சேர்க்கும்போது நான் என்ன சொன்னேன்? "மாமா இருக்காங்க, எனக்குப் பயமில்ல" என்றேன். இப்போது நீங்கள் மாமா இல்லை என்கிறீர்கள். ஒருத்தர் மாமா இல்லை என்று சொன்னால் இல்லாமல் போய்விடுமா?

இந்த எஸ்டேட்டில் பிறந்து ஆசிரியர் வேலைக்குப் படிக்கப் போன முதல் பிள்ளை அவன். அவன் போன அன்று கோயிலில் சாமியார் பெயர் சொல்லி ஜெபம் செய்தார். அவனைக் கல்லூரியிலிருந்து நிறுத்திவிட்டால் அடுத்த நாள் என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

ஒரே ஒரு வரி எழுதுங்கள். அவனை நிறுத்துவார்களா, மாட்டார்களா? சும்மா இரு என்று மட்டும் எழுதாதீர்கள். சும்மா இருக்க முடியவில்லை.

அந்தப் பிள்ளை அழகேசனுக்காக மெழுகுவத்தி ஏற்றினேன்.

உங்கள் தங்கை,
லூர்து மேரி


ஜித்ரா,
15-2-1978

மேரிக்கு,

விசாரணை நடந்துகொண்டிருக்கும்போது முடிவு பற்றி நான் எதுவும் எழுத முடியாது. நீ கேட்டதற்கு இதுதான் பதில்.

குழுவின் முன் மோரிஸைக் கூப்பிட்டு நானே கேட்டேன். அடிக்கவில்லை என்றான். இதற்கு மேல் உனக்கு நான் சொன்னால் மற்ற மூன்று தாய்மாருக்கும் சொல்லவேண்டும்.

ஹெர்பர்ட்


ஜித்ரா,
24-2-1978

மேரி,

கோபத்தில்தான் எழுதுகிறேன்.

திங்கட்கிழமை நீயும் மாப்பிள்ளையும் ஜித்ராவுக்கு வந்தீர்கள். என் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. நேரே பிரின்சிபல் அறைக்குப் போய், ஒரு தார் வாழைப்பழத்தை மேசை மேல் வைத்து, அவர் காலில் விழுந்து, "எங்க பிள்ள தெரியாம செஞ்சிட்டான், துவான்தான் மன்னிக்கணும்" என்று அழுதிருக்கிறீர்கள். ஆபீஸில் வேலை செய்யும் மணியம் மொழிபெயர்த்துச் சொன்னாராம். இதையெல்லாம் நான் பிரின்சிபல் வாயால் கேட்டேன். அந்தப் பழம் இன்னும் அங்கேதான் இருக்கிறது.

என்ன செய்தாய் என்று தெரியுமா உனக்கு? உள்ளே இருந்த மூவரையும் வெளியே நின்ற மோரிஸையும் பிரித்துப் பார்க்கவேண்டும் என்று இரண்டு வாரமாக நான் குழுவில் வாதாடிக்கொண்டிருந்தேன். இன்னும் ஒரு கூட்டம்தான் பாக்கி. அவனை எச்சரித்து விட்டிருப்பார்கள். நேற்று பிரின்சிபல் சொன்னார்: "பெத்தவங்களே வந்து ஒத்துக்கிட்டாங்க, மிஸ்டர் ஹெர்பர்ட். இனி நீங்க என்ன சொல்றீங்க?" நால்வரையும் நீக்கிவிட்டார்கள். உத்தரவில் வார்டன் என்று நான் கையெழுத்துப் போட்டேன்.

எதுவும் செய்யாதே என்று எழுதினேனே. செய்யாத குற்றத்துக்கு எந்தத் தாயாவது போய் மன்னிப்புக் கேட்பாளா?

மோரிஸ் நாளை பஸ்ஸில் வருகிறான். பெட்டி கட்டும்போது நான் அறை வாசலில் நின்றேன். அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஹெர்பர்ட்


சேசு மரி சூசை துணை

பாடாங் மேஹா எஸ்டேட்,
1-3-1978

அண்ணனுக்கு,

மோரிஸ் வந்து சேர்ந்தான். கூப்பிட்டால் எழுந்து நிற்கிறான், அவ்வளவுதான்.

செய்யாத குற்றத்துக்கு யார் மன்னிப்புக் கேட்பார்கள் என்று கேட்டீர்கள். நாங்கள் கேட்போம் அண்ணா. நீங்கள் சின்ன வயதிலேயே சாமியார்கள் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டீர்கள், மறந்துவிட்டது. இங்கே ஒருத்தர் மேல் புகார் வந்தால் செய்தானா இல்லையா என்று பேச்சே கிடையாது. குடும்பத்தோடு துரை பங்களாவுக்குப் போகவேண்டும், முதலில் போகவேண்டும், விழவேண்டும். போன வருஷம் பால் வாளி காணவில்லை என்று இவர் பெயரைச் சொன்னார்கள். இவர் எடுக்கவில்லை. எடுக்கவில்லை என்று நின்று வாதாடியிருந்தால் வேலை போயிருக்கும். நான் போய் அழுதேன். மறுநாள் காலைப் பெரட்டில், வேலைக்கு ஆள் பிரிக்கும்போது, இவர் பெயரைக் கூப்பிட்டார்கள். அதே மாதம் பக்கிரிசாமி அண்ணன் நியாயம் பேசினார். அவர் இப்போது எங்கே இருக்கிறார் என்று யாருக்கும் தெரியாது.

எனக்குத் தெரிந்த வழி அதுதான். உங்கள் பிரின்சிபலையும் துரை என்றுதான் நினைத்தேன். படித்தவர்களிடம் மன்னிப்புக் கேட்டால் குற்றம் என்று எழுதிக்கொள்வார்கள் என்பது எனக்கு எப்படித் தெரியும்? நீங்கள் ஒரு வரி சொல்லியிருந்தால் தெரிந்திருக்கும். நான் கெஞ்சிக் கேட்ட வரி. மற்ற மூன்று தாய்மாருக்கும் சொல்லவேண்டும் என்றீர்கள். அந்த மூன்று பேரும் உங்களோடு ஒரு தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவர்களா?

உங்கள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை என்று கோபம். மிதித்தால் உங்களுக்குக் கெட்ட பெயர் வரும் என்று அண்ணிக்காகச் சுட்ட முறுக்கைக்கூடத் திரும்பக் கொண்டு வந்தேன்.

என் பிள்ளையை என் கையாலேயே கெடுத்தேன் என்று நினைத்தால் இரவில் தூக்கம் இல்லை. இதற்கு மேல் எழுத முடியவில்லை.

மேரி


ஜித்ரா,
30-3-1978

என் அன்புத் தங்கை மேரிக்கு,

உயிர்ப்புத் திருநாள் வாழ்த்து. உன் கடிதத்துக்கு ஒரு மாதமாகப் பதில் எழுதாததற்குக் காரணம் இருக்கிறது. கையில் ஏதாவது இல்லாமல் உனக்கு எழுத எனக்கு முகமில்லை.

இப்போது இருக்கிறது. இதோடு வைத்திருக்கும் உத்தரவைப் பார். மோரிஸைத் திரும்பச் சேர்த்துக்கொள்கிறார்கள். ஏப்ரல் பத்தாம் தேதி அவன் விடுதிக்கு வரவேண்டும்.

அலோர் ஸ்டாரில் கல்வி அலுவலகத்துக்கு எத்தனை முறை அலைந்தேன் என்று உன் அண்ணியைக் கேள். பெற்றோர் கேட்ட மன்னிப்பு மாணவனின் ஒப்புதல் ஆகாது என்று நீ எழுதியதையே என் வார்த்தையில் எடுத்துச் சொன்னேன். பெரட்டு, துரை, வாளி எல்லாவற்றையும் விளக்கினேன். அங்கிருந்த அதிகாரியின் அப்பாவும் எஸ்டேட்டில் கணக்கெழுதிய கிராணியாம், புரிந்துகொண்டார். பிறகு லூனாஸுக்குப் போய் அழகேசனைப் பார்த்தேன். "மோரிஸ் அடிச்சானாப்பா?" என்று கேட்டேன். "மோரிஸ் அண்ணன் அடிக்கலங்க சார், உள்ளேயே இல்ல" என்று சொன்னான். அதோடு, என் மருமகன் இந்தக் குற்றத்தில் பங்கில்லாதவன் என்று நான் என் பெயரில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். பிரின்சிபலுக்கு என் மேல் வருத்தம். இருக்கட்டும். வேலைக்கு வந்த நாளாக மேலிடத்தை எதிர்த்து ஒரு வார்த்தை பேசாதவன் இந்த ஒரு பிள்ளைக்காகப் பேசினேன்.

மாமா இல்லை என்று எழுதியவன் எழுதுகிறேன்: அவனுக்கு நான் மாமாதான். மாப்பிள்ளையிடம் சொல்லிப் பிள்ளைக்கு இரண்டு புதுச்சட்டை தைக்கச் சொல். வரும்போது அந்த முறுக்கையும் அனுப்பு.

உன் அண்ணன்,
ஹெர்பர்ட்


சேசு மரி சூசை துணை

பாடாங் மேஹா எஸ்டேட்,
9-4-1978

என் அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் நான் அழுத அழுகையில் பக்கத்து வீட்டு ரோசம்மா ஓடி வந்துவிட்டாள். எனக்காக நீங்கள் எவ்வளவு அலைந்திருக்கிறீர்கள். அதனால்தான் இதை எழுத இத்தனை கஷ்டமாக இருக்கிறது. நாளை மோரிஸ் வரமாட்டான்.

சட்டைத்துணி வாங்கி வந்து அளவெடுக்கக் கூப்பிட்டேன். கையைத் தூக்கி நின்றவன் அப்படியே அழ ஆரம்பித்துவிட்டான். "நான் வெளிய சும்மா நிக்கலம்மா. கதவ இழுத்துப் புடிச்சிக்கிட்டு நின்னேன்" என்றான். உள்ளேயிருந்த மூவரும் பிடிக்கச் சொன்னார்களாம். மாட்டேன் என்றால் அடுத்தது நீதான் என்றார்களாம். சும்மா பாட்டுப் பாடவைத்து விட்டுவிடுவார்கள் என்றுதான் நினைத்தானாம். உங்கள் காலடிச் சத்தம் கேட்டதும் கையை எடுத்திருக்கிறான். நடையில் வேறு யாரும் இல்லை, அழகேசனுக்கும் தெரியாது.

நான் என்ன சொன்னேன் தெரியுமா அண்ணா? வாயை மூடு என்றேன். யாரிடமும் சொல்லாதே, திங்கட்கிழமை பஸ் ஏறு என்றேன். இவரிடம்கூடச் சொல்லவில்லை. மாமா கையெழுத்துப் போட்டுவிட்டார், நீ சொன்னால் அவர் மானம் போய்விடும் என்று உங்களையே சாக்குச் சொன்னேன். நல்ல தாய் என்று நினைத்துக்கொண்டுதான் சொன்னேன்.

அவன் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் லூனாஸுக்குக் கிளம்பிவிட்டான். தடுக்கத்தான் பின்னால் ஓடினேன். கடைசியில் அதே பஸ்ஸில் நானும் ஏறி அவன் பக்கத்தில் உட்கார்ந்து போனேன்.

அழகேசனின் அம்மா பெயர் செல்லாயி. என் வயதுதான் இருக்கும், ஆயக்கொட்டகையில், வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறார்கள். அழகேசன் வாசலில் உட்கார்ந்திருந்தான். இடதுபக்கம் நின்று கூப்பிட்டேன், திரும்பவில்லை. எங்களைப் பார்த்ததும் எழுந்து உள்ளே கூப்பிட்டு மோரிஸுக்கு நாற்காலி போட்டான். முதல் நாள் விடுதியில் இவன்தான் அவனுடைய பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் அறையைக் காட்டினானாம். மோரிஸ் உட்காரவில்லை. நின்றபடியே கதவைப் பிடித்ததைச் சொன்னான். நான் பழக்கதோஷத்தில் விழுந்து கும்பிடக் குனிந்தேன். செல்லாயி என்னைப் பார்க்கவே இல்லை. அவனைத்தான் பார்த்தார்கள்.

"எம்புள்ள சத்தம் போட்டானா தம்பி?" என்று கேட்டார்கள்.

"போட்டாம்மா."

"என்னான்னு போட்டான்?"

மோரிஸ் சொன்னான்: "மோரிஸ் அண்ணே, மோரிஸ் அண்ணேன்னு என்னியத்தாம்மா கூப்பிட்டான்."

அழகேசன் பின்பக்கம் போய்விட்டான். செல்லாயி திட்டவில்லை. போய்வாருங்கள் என்றும் சொல்லவில்லை. நாங்களாகவே கிளம்பினோம். அதற்குப் பிறகு இவனிடம் பஸ் ஏறு என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை.

நீங்கள் அனுப்பிய உத்தரவை இதோடு திருப்பி வைத்திருக்கிறேன். பிரின்சிபலிடம் உண்மையைச் சொன்னால் உங்கள் பேச்சுக்கு இனி அங்கே மரியாதை இருக்காது. அது தெரிந்துதான் எழுதுகிறேன். உடம்பு சரியில்லை, வரவில்லை என்று சொல்லிவிட்டாலும் நான் உங்களைக் குறையாக நினைக்கமாட்டேன். மோரிஸ் மட்டும், மாமா சொல்லவில்லை என்றால் நானே வந்து சொல்வேன் என்கிறான். அவனிடம் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. ஆனாலும் நேற்றிரவு அவனுக்குச் சோறு போட்டேன், சாப்பிட்டான்.

நீங்கள் அடித்தாயா என்று கேட்டீர்கள், அவன் இல்லை என்றான். அழகேசனிடம் அடித்தானா என்று கேட்டீர்கள், அவனும் இல்லை என்றான். இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை. அந்தப் பிள்ளை உள்ளே யாரைக் கூப்பிட்டான் என்று, வார்டனாகவோ மாமாவாகவோ, நீங்கள் ஒரு தரம் கேட்டிருக்கலாம் அண்ணா.

உங்கள் தங்கை,
லூர்து மேரி